வாசிக்கத் தடுமாறும் மகனும் டேப்லெட்டை மறுக்கும் பள்ளியும்

வணக்கம் சகோதரி. வாசித்துக் காட்டினால் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளும் உங்கள் ஐந்தாம் வகுப்பு மகன், தானே வாசிக்கும்போது வரி மாறித் தடுமாறுவதாகவும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் அவன் படிக்கும் பள்ளியில் டேப்லெட்டுக்கு அனுமதியில்லை என்று ஆசிரியர் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

புதிதாக எதையும் வாங்க அவசரப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் உள்ள இம்மர்சிவ் ரீடர் என்ற வாசிப்பு உதவி வசதி பாடத்தை உரக்க வாசிக்கும். வாசிக்கும் வரியை மட்டும் தெளிவாக விட்டு மற்றவற்றை மங்கலாக்கும். ஆங்கிலச் சொற்களை அசை அசையாகப் பிரித்தும் காட்டும். வரி மாறுகிற பிள்ளைக்கு, என் கணிப்பில், குரலைவிட அந்த ஒற்றை வரியே பெரிய துணை.

பள்ளியிடம் வாய்மொழியாகக் கேட்பதை விடுத்து, கற்றலில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து ஆதரவளிப்பதற்கான 2014ஆம் ஆண்டின் எஸ்.ஐ.ஏ.எஸ். என்ற தென்னாப்பிரிக்கக் கல்விக் கொள்கைப்படி, பிள்ளைக்குத் தேவையான ஆதரவை மதிப்பிடும் எஸ்.என்.ஏ. 1 படிவத்தை வகுப்பாசிரியர் நிரப்ப வேண்டுமென்று கடிதமாகவே கொடுங்கள். ஆசிரியரின் முயற்சி போதாதபோது விஷயம் பள்ளியின் ஆதரவுக் குழுவுக்குச் செல்லும். தேர்வில் கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக்காட்ட ஒருவர் ஆகிய சலுகைகளையும் அவர்களிடமே கேளுங்கள்.