முகத்தில் சிவப்பு, சிறுநீரில் நுரை: லூபஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயதுங்க. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் முக்கால் மணி நேரம் மடங்குவதில்லை. வெயிலில் போய்வந்தால் கன்னம் சிவக்கிறது. ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:320 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது லூபஸ்தானுங்களா?
- ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

பதில்: உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோய்தான் லூபஸ். நம் செல்களின் கருவையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது ஏ.என்.ஏ. பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து லூபஸ் என்று சொல்லிவிட முடியாதுங்க. எந்த நோயும் இல்லாத சிலருக்கும், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வரும். ஆனால் ரிப்போர்ட்டைவிட நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே எங்களை யோசிக்க வைக்கின்றன.

2019-இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில், ஏ.என்.ஏ. 1:80 (ரத்தத்தை 80 மடங்கு நீர்க்கச் செய்தும் பாசிட்டிவ்) அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கணக்கே தொடங்கும். மூட்டுப் பாதிப்புக்கு 6 மதிப்பெண், கன்னச் சிவப்புக்கு 6, டி.எஸ். டி.என்.ஏ. என்ற, மரபணுப் பொருளை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இருந்தால் 6, சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள் இரண்டும் குறைந்திருந்தால் 4. மொத்தம் 10 வந்தால் லூபஸ் வகையில் சேரும். ஆராய்ச்சிக்காக வகுத்த கணக்கு இது. மருத்துவர் இதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வேறு காரணம் இல்லை என்று பார்த்த பிறகே முடிவு சொல்வார். சிவப்பு இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை விட்டுவிட்டு, இரு கன்னமும் மூக்குத்தண்டும் மட்டும் சிவந்திருந்தால் அது லூபஸின் முக்கிய அடையாளம்.

இதையெல்லாம்விட அவசரம் சிறுநீர்ப் பரிசோதனை. எதிர்ப்பொருள்கள் சிறுநீரக வடிகட்டியில் படிந்து அதை அரிக்கும்போது வலியே தெரியாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினின் சரியாக இருக்கும்போதே புரதம் ஒழுகத் தொடங்கியிருக்கும். கழிப்பறையில் நுரை அடங்காமல் நிற்பது, காலையில் கண் இமை வீங்குவது, மாலையில் கொலுசு காலை இறுக்குவது எல்லாம் அதன் பிறகுதான். விடிந்ததும் போகும் முதல் சிறுநீரில், நடுவில் வருவதைப் பிடித்து உடனே லேபில் கொடுங்கள். மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். அந்த ரத்தம் கலந்தால் முடிவு குழப்பும். சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம் 0.5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிறுநீரக பயாப்ஸி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) கேட்பார்கள். பயந்து தள்ளிப் போடாதீர்கள். எந்த வகைப் பாதிப்பு என்று அதில்தான் தெரியும், மருந்தும் அதைப் பொறுத்தே. கோவையில் வாதநோய் சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: லூபஸுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 400 மி.கி. சாப்பிடுகிறேன். எடை 44 கிலோ. கண் போய்விடும் என்கிறார்கள். உடம்பு தேவலை, ஸ்டீராய்டையும் சேர்த்து நிறுத்திவிடலாமா?
- வாசகி, பெருந்துறை

பதில்: இரண்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. லூபஸ் மீண்டும் கிளம்பாமல் பிடித்து வைப்பதே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான். கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. என்பதே வழக்கமான உச்சவரம்பு. உங்கள் எடைக்கு அது 220 மி.கி. வருகிறது, 400 அதிகம். அடுத்த முறை எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். விழித்திரைப் பாதிப்பு அளவு மிஞ்சினாலும், பல வருடம் சாப்பிட்டாலும், சிறுநீரகம் மந்தமானாலும்தான் கூடுகிறது. தொடங்கும்போது ஒரு தடவை, 5 ஆண்டுக்குப் பிறகு வருடா வருடம் விழித்திரையைப் பார்க்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால், பார்வை மங்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் ஒரே நாளில் விட்டால், உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டை இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே கொண்டுவருவதுதான் மருத்துவரின் குறியும். படிப்படியாக அவரே குறைப்பார். பெயர் தெரியாத பொடி, லேகியம் எதையும் சேர்க்க வேண்டாம். காட்டு வேலையைக் காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டையும், எஸ்.பி.எஃப். 50 என்று போட்ட வெயில் தடுப்புக் களிம்பும் அவசியம். களிம்பை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும்.

கேள்வி: லூபஸ் இருந்தால் குழந்தை பெறலாமா?
- பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: தாராளமாகப் பெறலாம். நோய் 6 மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். லூபஸுக்குக் கொடுக்கும் மைக்கோஃபினோலேட் என்ற மருந்து கருவைச் சிதைக்கும். கருத்தரிக்க 6 வாரம் முன்பே அதை நிறுத்தி அசதியோபிரின் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தொடரலாம். லூபஸ் உள்ள சிலரின் ரத்தத்தில் இருக்கும் ரோ என்ற எதிர்ப்பொருளை முன்கூட்டியே பாருங்கள். அது இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு தடைபட வாய்ப்புண்டு. 16-ஆம் வாரம் முதல் கருவின் இதயத்தை எக்கோ எடுத்துக் கண்காணிப்பார்கள்.