ஆமென் சொல்ல ஏதாவது கொடுங்கள்

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன மெதடிஸ்ட் தமிழ்ச் சபையில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு ஜெபம் செய்ய எங்களில் சிலருக்கு மாறி மாறி முறை வரும். என் முறை வந்தால் வாய் ஓடுகிறது, மனசு ஓடுவதில்லை. "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே" என்று தொடங்கினால் ஆமென் வரைக்கும் தானாகப் போய்விடுகிறது. ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகன், "போன மாசம் சொன்னதையேதான்மா சொன்னீங்க" என்கிறான். எழுதி வைத்துப் படிக்கலாம் என்றால், "அதில் ஆவியானவர் இல்லை" என்கிறார்கள். இன்னொரு பெரியவர் ஜெபிக்க எழுந்தால் இருபது நிமிடம் ஆகும். பிள்ளைகள் போனைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள். ஜெபத்துக்கு உயிர் வர என்ன செய்வது? – பெயர் வேண்டாம், பேராக்.

பதில்: ஸ்தோத்திரம் சகோதரி. முதலில் உங்கள் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பையன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கேட்காத பிள்ளைக்குப் போன மாதம் சொன்னது எப்படி ஞாபகம் இருக்கும்?

உங்கள் மனசு ஓடவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். வீட்டில் தனியாக முழங்காலில் நிற்கும்போது அது கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சபை நடுவில் மைக்கைப் பிடித்தவுடன் உங்கள் மனசு கொஞ்சம் பின்னால் போய்விடலாம், தப்பில்லை. அங்கே நீங்கள் மற்றவர்களுக்காக வாயைத் திறக்கிறீர்கள். கடைசி பெஞ்சில் இருக்கிறவர் "ஆமாம், இதைக் கேட்கத்தான் நானும் வந்தேன்" என்று ஆமென் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கொரிந்து சபையில் அந்நிய பாஷையில் ஜெபித்தவர்களிடம் பவுல் கேட்டதும் இதுதான்: நீ பேசுவது புரியாவிட்டால் கல்லாதவன் உன் ஸ்தோத்திரத்துக்கு "ஆமென் என்று எப்படிச் சொல்லுவான்?" (1 கொரிந்தியர் 14:16). நம் ஜெபம் நல்ல தமிழில்தான் இருக்கிறது. ஆனாலும் "வியாதியஸ்தரைச் சுகமாக்கும், பிரயாணம் செய்வோரைக் காத்தருளும்" என்று வாராவாரம் போனால், அதில் யாருக்கு எதைக் கேட்டோம் என்று யாருக்கும் தெரியாது. பழக்கத்தில் ஆமென் வரும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் வேலை ஞாயிறு காலையில் தொடங்குவதில்லை, செவ்வாய் புதனிலேயே தொடங்குகிறது. உங்கள் சபையில் யார் யார் இருக்கிறார்கள்? தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த குடும்பம் இருக்கலாம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்கிற மாமா இருக்கலாம். பிறப்புப் பத்திரம் சரியில்லாததால் அடையாள அட்டைக்கு அலைகிற பிள்ளை, சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகன் மாதக்கணக்கில் போன் செய்யாத அம்மா, எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போகிற நாலைந்து பேர். அந்த வாரத்துக்கு இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். "இந்த ஞாயிறு உங்களுக்காக என்ன கேட்கட்டும்?" என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலில்தான் உங்கள் ஜெபம் இருக்கிறது. டயாலிசிஸ் மாமா சுகத்தைக் கேட்கமாட்டார், பாருங்கள். "போய் வர வேன் கிடைத்தால் போதும்மா" என்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர் சின்ன ஊர். காலையில் மைக்கில் சொன்னது மத்தியானத்துக்குள் மார்க்கெட்டுக்குப் போய்விடும். "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் எத்தனை குடும்பத்துக் கதை வெளியே வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பெயர் சொல்ல அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயரில்லாமல் பிரச்சினையை மட்டும் சொல்லுங்கள். குடி, கடன், கணவன் மனைவி சண்டை, பிள்ளை ஓடிப்போனது, இவையெல்லாம் அவர்களே கேட்டாலொழிய மைக்குக்கு வரக்கூடாது. அதோடு, ஜெபத்துக்குள் ஒளித்து வைத்த குட்டிப் பிரசங்கமும் வேண்டாம். "மதிய விருந்துக்கு இன்னும் பணம் கட்டாதவர்களை நீர் அறிந்திருக்கிறீர் ஆண்டவரே" என்ற வகை ஜெபங்களைப் பரலோகம் எந்தப் பைலில் போடுகிறதோ!

எழுதி வைத்துப் படித்தால் ஆவியானவர் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நீங்கள் மெதடிஸ்ட் என்பதால் இதைக் கேளுங்கள். 1784 செப்டம்பரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அமெரிக்காவில் இருந்த மெதடிஸ்டுகளுக்கு ஓர் ஆராதனை முறையைத் தயாரித்து அனுப்பினார். இங்கிலாந்து திருச்சபையின் ஜெபப் புத்தகத்தைச் சுருக்கித் திருத்தியதுதான் அது. ஞாயிறுதோறும் எல்லாச் சபைகளிலும் அதைப் பயன்படுத்துங்கள், புதனும் வெள்ளியும் மன்றாட்டு மாலையை (ஒருவர் சொல்ல, சபை பதில் சொல்லும் வேண்டுதல் வரிசையை) வாசியுங்கள், மற்ற நாட்களில் சொந்த வார்த்தையில் ஜெபியுங்கள் என்று கூடவே கடிதமும் எழுதினார். எழுப்புதல் கூட்டங்களை நடத்தியவரே எழுதிய ஜெபத்துக்கும் திடீர் ஜெபத்துக்கும் தனித்தனி நாள் வைத்தார். நாம் ஏன் சண்டை போட வேண்டும்? அப்புறம், எழுதாமல் ஜெபிக்கிறவர்களை ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். அவர்களும் மனப்பாடம்தான் சொல்கிறார்கள், தாளில் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

முழுக்க எழுதத் தயக்கமாக இருந்தால் வரிசையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்கள் திருப்பலியில் விசுவாசிகளின் மன்றாட்டுக்கு ஒரு நல்ல வரிசை வைத்திருக்கிறார்கள்: திருச்சபை, நாடும் உலகமும், துன்பப்படுகிறவர்கள், கடைசியாக அங்கே கூடியிருக்கிற சபை. இந்த வரிசையின் நன்மை, நாம் நம் வீட்டுக் கவலையிலேயே நின்றுவிட முடியாது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுலும் ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார். மாமன்னருக்கும் பிரதமருக்கும் ஜெபியுங்கள். நில அலுவலகத்திலும் பதிவிலாகாவிலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வரி சொல்லுங்கள். நம் ஜனங்களின் கோப்பு அவர் மேசையில்தானே கிடக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்காகவும் கேளுங்கள். நம் தாத்தா பாட்டி இருந்த லயத்தில்தான் (தோட்டத்து வரிசை வீடுகளில்தான்) இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஒன்று எழுதிப் பார்க்கலாம்:

"ஆண்டவரே, இந்த வாரம் பரீட்சை எழுதுகிற எங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம். படித்தது நினைவுக்கு வரட்டும். மதிப்பெண் குறைந்தாலும் வீட்டில் யாரும் அவர்களைக் கைவிடாதபடி எங்களுக்குப் பொறுமை தாரும். (அமைதி.) வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பத்துக்காகக் கேட்கிறோம். அவர்களுக்கு நியாயம் கிடைக்கட்டும். சாமான் ஏற்ற ஆள் வேண்டுமானால் எங்களை அனுப்பும். (அமைதி.)"

அலங்காரம் ஒன்றும் இல்லை, கவனித்தீர்களா? வாக்கியம் சின்னது. கேட்பது இன்னதென்று தெரிகிறது. ஜெபித்தவர்களுக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது. இது பழைய வழக்கம்தான். கி.பி. 155 வாக்கில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி அந்தக் காலத்து ஞாயிறு ஆராதனையை விவரித்திருக்கிறார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். நடத்துகிறவர் தம்மால் முடிந்த அளவு ஜெபமும் நன்றியும் ஏறெடுக்க, ஜனங்கள் ஆமென் சொல்வார்கள். சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் போகும். ஜெபமும் காணிக்கைத் தட்டும் அங்கே ஒரே ஆட்களைத்தான் தேடிப் போயின.

அந்த அமைதியை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வேண்டுதலுக்குப் பிறகும் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். முதல் வாரம் மைக் கெட்டுவிட்டது என்று யாராவது எழுந்து வருவார். பரவாயில்லை, பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு வரி அறிவித்துவிடுங்கள். துக்கம் நடந்த வாரமானால் உடனே "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று தாவ வேண்டாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தைச் சபையாகச் சேர்ந்து வாசித்தால் போதும். இறந்துபோன பிள்ளையின் அம்மாவால் அந்த வாரம் ஸ்தோத்திரம் சொல்ல முடியாது. இதைச் சொல்ல முடியும்.

கடைசியாக, அந்தப் பெரியவர். நீங்கள் போய் எதுவும் சொல்லாதீர்கள். அது பாஸ்டரின் வேலை. ஞாயிறு மன்றாட்டு ஐந்து நிமிடம் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி வைக்கச் சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான். அவருக்குள் நிஜமாகவே ஜெப பாரம் இருக்கலாம். அதை அணைக்க வேண்டாம். வாரநாள் ஜெபக் கூட்டத்தை அவர் கையில் கொடுக்கலாம். அங்கே வீட்டுக்கு ஏற்றிப் போகச் சபை வேன் வாசலில் காத்திருப்பதில்லை, சின்னப் பிள்ளைகளும் இல்லை, அவர் ஒரு மணி நேரம் ஜெபித்தாலும் கூட உட்கார விரும்புகிறவர்கள்தான் வருவார்கள்.