பழைய பிக்கப்பில் இரண்டாவது பேட்டரி: பேட்டரிக்கு முன் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1990களின் நடுவில் வந்த டீசல் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், 12 வோல்ட். காட்டுப் பாதைகளில் போய் இரவு தங்கும்போது 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜும் சில எல்.இ.டி. விளக்குகளும் ஓட வேண்டும். இப்போது ஒரே பேட்டரி. காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று வாங்கி, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துவிட்டால் போதுமா? பிறகு, சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் மாட்டும் எண்ணமும் உண்டு.

பதில்: போதாது. அப்படிச் சேர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு பேட்டரி அல்ல, ஒரே பெரிய பேட்டரி. இரவு முழுக்க ஃப்ரிட்ஜ் இரண்டிலிருந்தும் இழுக்கும். விடியும்போது இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் பழசு தானாக இறங்கும் வேகத்தில் புதுசையும் கூட இழுத்துக்கொண்டு போகும். என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டும் சேர வேண்டும், நின்றதும் பிரிய வேண்டும். அதற்கு நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் தானாகச் சேர்ந்து பிரியும் சுவிட்ச், தேவை. அதைவிடவும் தேவை, சரியான தடிமனில் ஒயர். இந்த வேலை சொதப்பிய வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரியில் குறை இருக்காது. மெல்லிய ஒயர், தளர்ந்த லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), துருப்பிடித்த எர்த் என்று இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் டைனமோவைச் சோதியுங்கள். என்ஜின் சூடானபின், ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மெயின் பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் நல்லது. 13.5-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பெல்ட், என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஒரு பேட்டரியையே நிரப்பத் திணறும் டைனமோ இரண்டை எப்படி நிரப்பும்? பானெட்டைத் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில பழைய டீசல் வண்டிகளில் கம்பெனியிலிருந்தே இரண்டு பேட்டரி வரும். சிலவற்றில் அவை தொடராக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். அந்த வண்டிகளுக்கு இங்கே சொல்லும் முறை பொருந்தாது.

இனி கணக்கு. 40 லிட்டர் ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் ஓடும்போது ஏறக்குறைய 4 ஆம்ப் இழுக்கும். வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் சராசரி 2 ஆம்ப், 24 மணி நேரத்துக்கு 48 ஆம்பியர்-அவர். விளக்குகளுக்கு ஒரு 5 சேர்த்துக்கொள்ளுங்கள். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிப் பழக்கினால் அதன் ஆயுள் சட்டென்று குறையும். ஆகவே 100-ல் உங்கள் கைக்கு வருவது 50. அதாவது வண்டியை நகர்த்தாமல் ஏறக்குறைய ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். இரண்டு நாள் ஒரே இடத்தில் தங்குவதாக இருந்தால் இன்னொரு பேட்டரியைவிட 100 வாட் சோலார் பேனல் ஒன்று மேல். நல்ல வெயிலில் நாளுக்கு 25 ஆம்பியர்-அவருக்குக் குறையாமல் தரும். வண்டியின் எடையும் ஏறாது. 100 ஆம்பியர்-அவர் ஏ.ஜி.எம். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஈய-அமில வகை) பேட்டரி ஒன்றே சுமார் 30 கிலோ.

பேட்டரி வகையில் குழப்பம் வேண்டாம். மெயின் பேட்டரி ஈய-அமிலம் என்றால் இரண்டாவதும் ஈய-அமிலமாகவே இருக்கட்டும், அடிக்கடி ஆழமாக இறக்கி ஏற்றினாலும் தாங்கும் டீப் சைக்கிள் வகையாகப் பாருங்கள். ரிலே வழியாக இரண்டுக்கும் ஒரே வோல்ட்தான் போகும். லித்தியம் வைப்பதாக இருந்தால் ரிலே போதாது, டைனமோவின் வோல்ட்டை அந்தப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். அது பழைய டைனமோவிடமிருந்து மட்டுமீறி இழுக்காதபடி மின்னோட்டத்துக்கும் வரம்பு கட்டும். லித்தியத்தைப் பானெட்டுக்குள் வைக்கவே வேண்டாம். ஈய-அமிலத்துக்கும் சூடு ஆகாதுதான்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. எக்ஸாஸ்ட், டர்போ இரண்டுக்கும் எதிர்ப்பக்கத்து மூலையில் இடம் இருந்தால் மட்டும் பானெட்டுக்குள் வையுங்கள். இல்லையென்றால் பின் தொட்டியில், கேபினை ஒட்டி. தண்ணீர் ஊற்றும் பேட்டரியை ஆள் உட்காரும் கேபினுக்குள் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு சிறு பொறியில் வெடிக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உங்கள் பேட்டரி பின் தொட்டியில், போக 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செம்பு ஒயரில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதை ஒரு வரியில் போட்டுவிடலாம்: மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து, ஆம்பால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, ஒயரின் ஸ்கொயர் எம்.எம். அளவால் வகுங்கள். 30 ஆம்ப் போகும்போது 6 ஸ்கொயர் ஒயரில் 0.7 வோல்ட் காணாமல் போகும். முன்னால் 14.2 இருந்தால் பின்னால் 13.5. அதே இடத்தில் 25 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.17 மட்டுமே, பின்னால் 14 வோல்ட் வந்து சேரும். இந்த அரை வோல்ட் சின்ன விஷயமல்ல. பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டம் குறையும், இழப்பும் குறையும், அதனால் மெல்லிய ஒயரிலும் பேட்டரி என்றாவது நிறையும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் ஓட்டுவது ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம். அதற்குள் பாதியும் முக்காலுமாக நின்று, மறுநாளும் அப்படியே நின்று, தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு ஒரு வருடத்தில் பேட்டரி செத்துவிடும். வாங்கியவர் பேட்டரி மட்டமானது என்று நினைத்து இன்னொன்று வாங்குவார். அதற்கும் அதே கதிதான்.

ஆகவே பின் தொட்டிக்கு 25 ஸ்கொயர், முடிந்தால் 35. பானெட்டுக்குள்ளேயே ஒன்றரை மீட்டரில் முடிந்துவிட்டால் 16 போதும். முழுச் செம்பா என்று வெட்டிப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரும் கடையில் அதே தடிமனில் கிடைக்கும். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அது வேண்டாம். நெகட்டிவுக்கும் தனியாக அதே அளவு ஒயரை முன்பக்கம் வரை இழுத்துவிடுவது நல்லது. முப்பது வருடம் ஓடிய சேஸிஸில் எந்த மூட்டில் துரு ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியாது. பின் தொட்டியின் தகரத்தில் மட்டும் எர்த் எடுக்காதீர்கள். ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்திருக்கும் தொட்டியென்றால் சேஸிஸோடு அதற்குச் சரியான தொடர்பே இருக்காது.

லக்கைக் கிரிம்ப் செய்வதில், அதாவது ஒயரோடு சேர்த்து அழுத்தி நசுக்கிப் பிடிக்கவைப்பதில், கஞ்சத்தனம் கூடாது. ஹைட்ராலிக் கிரிம்பர் கைவசம் இல்லையென்றால் நீளத்தை அளந்து கொடுத்து, அது இருக்கும் இடத்தில் அடித்து வாங்குங்கள். சுத்தியலால் தட்டிய லக் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். ஈயம் ஊற்றிய லக்கில் வேறு சிக்கல்: ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பிபோல் விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு தாங்காமல் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். கிரிம்ப் செய்தபின் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடுகாட்டினால் தண்ணீர் உள்ளே ஏறாது.

ஃப்யூஸ் ஒன்றல்ல, இரண்டு. ஒயரின் இரு நுனியிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்கே உரசி சேஸிஸைத் தொட்டாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும். ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்தும் 20 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். 25 ஸ்கொயருக்கு 100 ஆம்ப், 16-க்கு 80. ஃப்யூஸ் காப்பது ஒயரைத்தான், பேட்டரியை அல்ல. அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃப்யூஸாக மாற்றுவது தீக்கு வழிவிடுவது.

ரிலேக்கு, வோல்ட்டைப் பார்த்துத் தானாக இணையும் வகையை வாங்குங்கள். பொதுவாக 13.3 வோல்ட்டில் சேரும், 12.8-ல் பிரியும். உங்கள் வண்டிபோல நிலையான வோல்ட் தரும் பழைய டைனமோவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இதற்குப் பதில் செல்ஃபுக்கு வரும் சோலனாய்டை (காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) போட்டுச் சாவியோடு இணைப்பவர்கள் உண்டு. அது சில நொடி வேலைக்குச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். அதோடு செல்ஃப் அடிக்கும் நொடியில் இரண்டு பேட்டரியும் சேர்ந்திருந்தால் செல்ஃப் கேட்கும் மின்னோட்டம் உங்கள் இணைப்பு ஒயர் வழியே ஓடி ஃப்யூஸ் போகும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோட் வகையும் வேண்டாம். சாதாரண சிலிக்கன் டயோட் ஏறக்குறைய 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். ஒயரில் பாடுபட்டு மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

ரிலேயை மெயின் பேட்டரிக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். அதன் மெல்லிய கறுப்பு ஒயர் எர்த்துக்குப் போகிறது. அதன் நடுவில் ஒரு சின்ன சுவிட்சை வைத்து டாஷ்போர்டுக்குக் கொண்டுவாருங்கள். சுவிட்சை அணைத்தால் ரிலே சேராது. வின்ச் வரும்போது இந்தச் சுவிட்ச் தேவைப்படும். முழுப் பளுவில் வின்ச் 400 ஆம்ப் வரை இழுக்கும். 100 ஆம்ப் இணைப்பு அதைத் தாங்காது. வின்ச்சுக்கு மெயின் பேட்டரியிலிருந்து அதனுடன் வந்த தடித்த கேபிள்களைத் தனியாக இழுங்கள். இழுக்கும் நேரத்தில் என்ஜின் ஓடட்டும், இந்தச் சுவிட்ச் அணைந்திருக்கட்டும்.

பேட்டரித் தட்டுக்கு 3 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பு, 8 மில்லிமீட்டர் போல்ட் நான்கு, அதிர்வில் தளராத நைலாக் நட்டு, மேலே குறுக்குப் பட்டை. மெல்லிய ஃபெண்டர் தகரத்தில் மட்டும் தொங்கவிட்டால் குண்டுகுழியில் 30 கிலோ ஆடி ஆடித் தகரம் விரிசல் விடும். சேஸிஸையோ உள் பாடியின் தடித்த பகுதியையோ பிடிக்க வேண்டும். பானெட்டுக்குள் வைத்தால் பாசிட்டிவ் முனைமேல் ஒரு கட்டி களிமண்ணை ஒட்டி, பானெட்டை மூடித் திறந்து பாருங்கள். நசுங்கிய களிமண் 20 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தட்டை இறக்குங்கள். கரடுமுரடான பாதையில் பானெட் கீழ்நோக்கி வளையும். அது டெர்மினலைத் தொட்டால் அங்கேயே வெல்டிங் நடக்கும்.

வேலை தொடங்கும்போது மெயின் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். கேபிளை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் போட்டு, எக்ஸாஸ்டையும் டீசல் பைப்பையும் ஸ்டீயரிங் தண்டையும் விட்டு விலக்கி ஓட்டுங்கள். தகரத்தில் துளை போட்ட இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்). சேஸிஸிலிருந்து பாடிக்கு ஏறும் இடத்தில் ஒரு சுருள் தளர்வு விடுங்கள். மேடுபள்ளத்தில் பாடியும் சேஸிஸும் தனித்தனியே முறுகும். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஃப்யூஸ்களைக் கடைசியில் போடுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கு இரண்டாவது பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் ஃப்யூஸோடு 6 ஸ்கொயர் ஒயர் தனியாகப் போகட்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட் வேண்டாம், அதிர்வில் தளரும். இறுகப் பிடிக்கும் 50 ஆம்ப் ஆண்டர்சன் பிளக் போடுங்கள். பேட்டரி நிறைந்திருந்தும் ஃப்ரிட்ஜ் நடு இரவில் தானாக நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் மெல்லிய ஒயர்தான். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஃப்ரிட்ஜ் முனையில் வோல்ட் சரிகிறது, அதன் பாதுகாப்புச் சுற்று பேட்டரி இறங்கிவிட்டதாக எண்ணி அணைத்துவிடுகிறது.

முடிந்ததும் அளந்து பாருங்கள். இரண்டாவது பேட்டரியில் தனி ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சேர்த்து ஒரு மணி நேரம் எரியவிட்டுக் கொஞ்சம் இறக்குங்கள். என்ஜினைக் கிளப்பி, ரிலே 'டிக்' என்று சேர்ந்தபின், மல்டிமீட்டரின் ஒரு முள்ளை மெயின் பாசிட்டிவிலும் மற்றதை இரண்டாவதன் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நெகட்டிவ் பக்கமும் அதேபோல் பாருங்கள். ரிலே டிக் டிக்கென்று சேர்ந்து சேர்ந்து பிரிந்தால் மெயின் பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவில் எங்கோ தளர்வு, அல்லது ஐட்லிங்கில் டைனமோ திணறுகிறது. முதல் கரடுமுரடுப் பயணம் முடிந்து வந்ததும் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு லக்கையும் ஃப்யூஸ் முனையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் முதலில் நட்டை இறுக்குங்கள். அதற்குப் பிறகும் சூடு குறையவில்லையென்றால் அந்த லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள்.