பேத்தியின் பட்டாளப் படிப்பு

கேள்வி: என் மகள் குடும்பம் டெக்சாஸில் இருக்கிறது. பேத்தி அங்கேயே பிறந்தவள். பல் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ராணுவம் ஃபீஸ் கட்டுமாம், முடித்ததும் அங்கே வேலை பார்க்க வேண்டுமாம். பொம்பளைப் பிள்ளை பட்டாளத்துக்குப் போனால் கல்யாணம் தட்டிப்போகும் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். இங்கே வீட்டில் எங்கள் பங்கை விற்று அனுப்பிவிடலாமா? — ஓர் ஆச்சி, கண்டனூர்

பதில்: ஆச்சி, பங்கை விற்கும் பேச்சை முதலில் நிறுத்தி வையுங்கள். அமெரிக்காவில் நாலு வருடப் பல் மருத்துவம் பல காலேஜ்களில் மூன்று லட்சம் டாலரைத் தாண்டும், பத்துப் பங்காளிகள் உள்ள வீட்டில் ஒரு பங்கை விற்று அதை எட்ட முடியாது. 2026 ஜூலை முதல் சேர்கிறவர்களுக்கு அந்த நாட்டு அரசாங்கக் கல்விக்கடனே மொத்தம் இரண்டு லட்சம் டாலரோடு நின்றுவிடும். பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசுகிறாள்.

அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை ஏஜெண்டாகப் போனவர்கள் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதி, முன்பணத்தைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் போல இருந்துவிட்டு வந்தார்களே, இதுவும் அப்படித்தான். ஸ்காலர்ஷிப் என்று பெயர் இருந்தாலும் முன்கூட்டி வாங்கும் சம்பளம் இது. ஃபீஸ், புத்தகம், கருவிச் செலவு, மாதச் செலவுக்குப் பணம் எல்லாம் ராணுவம் தரும். பதிலுக்கு, எத்தனை வருடம் வாங்கினாளோ அத்தனை வருடம், குறைந்தது மூன்று வருடம், முழுநேரம் அவர்களுக்கு வேலை பார்க்க வேண்டும். ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருடம். மிச்ச வருடங்கள் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும், தேவைப்பட்டால் கூப்பிடலாம். நடுவில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

படிக்கும்போது மற்ற மாணவர்களைப் போலத்தான் இருப்பாள், வருடத்தில் 45 நாள் பயிற்சி உண்டு. முடித்ததும் தரைப்படையில் கேப்டன். அவள் வேலை சிப்பாய்களின் பல்லைப் பார்ப்பது, சண்டை போடுவது அல்ல. அதற்காக ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். படை போகும் இடத்துக்கு டாக்டரும் போக வேண்டி வரும், ஜெர்மனியோ கொரியாவோ போகச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். விருப்பம் கேட்பார்கள், முடிவு அவர்களுடையது. கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை, ஆனால் இப்படி ஊர் மாறும் என்பதை மாப்பிள்ளை வீட்டில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். பல் கட்டும் நிபுணராகவோ வாய் அறுவை நிபுணராகவோ நேராக மேல்படிப்புக்குப் போக நினைக்கிறாளா? அதற்கு ராணுவத்தின் அனுமதி வேண்டும், அந்தப் படிப்பு வருடங்கள் கடமைக் கணக்கில் கழியாது, பெரும்பாலும் கூடுதல் வருடங்களும் சேரும். மூன்று நாலு வருடம் என்று நினைத்துப் போனவர்கள் பத்து வருடம் கழித்து வெளியே வருவது இப்படித்தான்.

அதனால் அவளிடம் ஃபோனில் ஒன்று கேளுங்கள்: "ஃபீஸே இல்லாமல் இடம் கிடைத்தாலும் நாலு வருடம் பட்டாளத்தில் இருக்க உனக்குப் பிடிக்குமாடா?" ஆமாம் என்றால் வீட்டில் யாரும் குறுக்கே நிற்காதீர்கள். கடனுக்குப் பயந்து மட்டும் என்றால், செலவு குறைந்த மாநில அரசுக் காலேஜ், டாக்டர் இல்லாத ஊர்களில் வேலை பார்த்தால் கடனைக் கட்டும் அரசுத் திட்டம் இரண்டையும் முதலில் பார்க்கட்டும். கையெழுத்துக்கு முன்னால், ஆள் சேர்க்கும் அதிகாரி வாயால் சொல்வதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது படையில் இருக்கும் பல் டாக்டர் இரண்டு பேரிடமாவது அவள் பேச வேண்டும்.

இங்கே பி.டி.எஸ். படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன ராணுவ ஸ்காலர்ஷிப் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். நம் ராணுவப் பல் மருத்துவப் பிரிவு படித்து, இன்டர்ன்ஷிப் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்தவர்களைத்தான் குறுகிய காலப் பணிக்கு எடுக்கிறது. புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். உண்டு, பி.டி.எஸ். கிடையாது. அங்கே பி.டி.எஸ். இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்வதை நம்பி எந்த ஏஜெண்டிடமும் பணம் கட்டிவிடாதீர்கள்.