பதில்: மகளின் பாஸ்போர்ட் காலாவதி, 3 வாரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பயணம்

மகளின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, 3 வாரத்துக்குள் புதியது கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். 3 வாரம் போதும், ஆனால் நாளைக்கே நகராட்சி அலுவலகத்தில் நேரம் வாங்கிவிடுங்கள். உங்கள் 7 வயது மகளின் பழைய கிண்டர்ரைஸபாஸை (குழந்தைகளுக்கான ஜெர்மன் பாஸ்போர்ட்) புதுப்பிக்க முடியாது. 2024 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் அதைத் தருவதே இல்லை. பெரியவர்களுக்குத் தரும் வழக்கமான பாஸ்போர்ட்டான ரைஸபாஸைத்தான் எடுக்க வேண்டும். அதையும் எக்ஸ்பிரஸில் கேளுங்கள்: 37.50 யூரோவுடன் கூடுதலாக 32 யூரோ. பொதுவாகச் சில வேலை நாட்களில் வந்துவிடும்.

அவசரம் என்றால் பச்சை நிற மேலட்டை போட்ட தற்காலிகப் பாஸ்போர்ட்டை அங்கேயே தருவதாகச் சொல்வார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் சிப் இல்லை, அதனால் எஸ்டா (விசா இல்லாமல் அமெரிக்கா போக ஆன்லைனில் வாங்கும் அனுமதி) கிடைக்காது, விசாதான் எடுக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு தவறில்தான் பயணமே நின்றுபோகும்.

மகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், 6 வயது முதல் கைரேகை எடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையும். 2025 மே முதல் காகிதப் படம் செல்லாது, டிஜிட்டல் படம் மட்டுமே.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே எஸ்டாவுக்கு விண்ணப்பியுங்கள். குழந்தைக்கும் தனியாகச் சுமார் 40 டாலர். இடைத்தரகர் தளங்கள் அதிகம் கேட்கும், அமெரிக்க அரசின் தளத்திலேயே போடுங்கள். எண்ணை உள்ளிடும்போது கவனம்: ஜெர்மன் பாஸ்போர்ட் எண்ணில் ‘ஓ’ எழுத்தே கிடையாது, வட்டமாகத் தெரிவது பூஜ்யம்.

ஜெர்மனியின் அரசு கிராங்கன்காசே (மருத்துவக் காப்பீடு) அமெரிக்காவில் செல்லாது. பயணம் போகும் எல்லோருக்கும் வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.