புது பேட்டரி ‘செட் ஆக’ ஒரு மாதமா?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனுக்கு மூன்று வயது. சார்ஜ் நிற்கவில்லை என்று பக்கத்துக் கடையில் 1,400 ரூபாய் கொடுத்து பேட்டரியை மாற்றினேன். 18 நாள் ஆகிறது. இரவு 100 சதவீதத்தோடு வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் 80. கேட்டால், “புது பேட்டரி செட் ஆக ஒரு மாதம் ஆகும், எட்டு மணி நேரம் சார்ஜில் போடுங்கள்” என்கிறார் கடைக்காரர். பழைய பேட்டரியில் 4000 எம்ஏஎச் என்றிருந்தது. இதில் 5000 என்று போட்டிருக்கிறது. பில்லில் ‘மொபைல் சர்வீஸ்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். பொறுத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பொறுக்க வேண்டாம். எட்டு மணி நேரக் கதை, நிக்கல் பேட்டரி போட்ட பழைய பட்டன் போன் காலத்தது. இப்போதைய லித்தியம் பேட்டரி நிரம்பியதும் போனே சார்ஜை நிறுத்திவிடும். அதற்குமேல் செருகி வைத்தால் எதுவும் ஏறாது. அவர் சொல்வதில் கால்பங்கு உண்மை உண்டு. சதவீதம் காட்டும் கணக்கு சில போன்களில் பேட்டரி மாறியதும் கொஞ்சம் தடுமாறும். அதற்கு, போன் தானாக அணையும்வரை ஓட்டி, நடுவில் எடுக்காமல் 100 வரை ஏற்றினால் போதும். ஒரு தடவைதான். அடிக்கடி பூஜ்யம்வரை இறக்குவது லித்தியத்துக்கு ஆகாது.

அப்புறம், குற்றம் பேட்டரி மேல்தானா என்று பார்த்துவிடுங்கள். இன்றிரவு ஏரோப்ளேன் மோடில் போட்டுத் தூங்குங்கள். காலையில் இரண்டு மூன்று சதவீதம் மட்டும் குறைந்திருந்தால் பேட்டரி சார்ஜைத் தாங்குகிறது, வேறு எதுவோ தின்கிறது என்று அர்த்தம். எந்த ஆப் என்பதை செட்டிங்ஸில் பேட்டரி பக்கமே காட்டும். அங்கே எதுவும் சிக்காவிட்டால் சிக்னலைக் கவனியுங்கள். பின்மூடியைத் திறந்து மாட்டும்போது ஆன்டெனா வயர் சரியாக உட்காராமல் போவதுண்டு. அப்படி ஆனால் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைக் கரைக்கும். முன்பு நாலு கோடு காட்டிய அறையில் இப்போது ஒன்றுதான் என்றால் அந்த வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியை மாற்றத் தேவையிருக்காது.

ஏரோப்ளேன் மோடிலும் 20 சதவீதம் இறங்கினால், சந்தேகம் பேட்டரி மேல்தான். அந்த 5000 எனக்கு முதலிலேயே உறுத்துகிறது. அதே அளவு குழியில் அதே தடிமனில் உட்காரும் பேட்டரிக்கு, கால்பங்கு கூடுதல் கொள்ளளவு எங்கிருந்து வரும்? ஸ்டிக்கரில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம். பின்மூடி எழும்பியிருந்தாலோ திரை லேசாகத் தூக்கினாலோ சோதனையெல்லாம் வேண்டாம், சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்துங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடும்.

இனி பணம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கால அளவு எதுவும் போடாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. (செட் ஆக ‘ஒரு மாதம்’ என்று அவர் சொன்னது தற்செயலாகவே இருக்கட்டும்!) வாய்ப்பேச்சோடு விடாமல், பேட்டரி மாற்றிய தேதி, கொடுத்த தொகை, இரவில் குறையும் அளவு, 5000 என்ற லேபிளின் படம் எல்லாவற்றையும் இன்றே கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். பில்லில் இல்லாத ‘பேட்டரி’ என்ற சொல் அவருடைய பதிலில் வந்துவிட்டால் அதுவே உங்கள் சாட்சி.

மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணையும் அவருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே இறங்கி வருவார்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடலாம்.

வேறு பேட்டரி மாட்டித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை பில்லில் ‘பேட்டரி’ என்று எழுதி, எத்தனை எம்ஏஎச், எத்தனை மாத வாரண்டி என்பதையும் போடச் சொல்லுங்கள்.