ஸ்கைரிம்: 24 பேரன்ஸியா கற்களும் மற்ற ஒளிந்த பொருள்களும் – கேள்வி பதில்

ஸ்கைரிம் கேமில் ஒளிந்து கிடக்கும் பொருள்களைத் தேடுவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றின் பதில்களும் இவை. 2011-இல் வந்த முதல் பதிப்பு, 2016 ஸ்பெஷல் எடிஷன், 2021 ஆனிவர்சரி எடிஷன் எதில் ஆடினாலும் இந்த இடங்கள் மாறாது. கதையில் சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வீட்டுல "அன்யூஷுவல் ஜெம்"னு ஒரு கல் எடுத்தேன். விக்கவும் முடியல, கீழ போடவும் முடியல. இதை என்ன பண்றது அண்ணா?

பதில்: பேரன்ஸியா அரசியின் கிரீடத்தில் பதித்திருந்த 24 கற்களில் அது ஒன்று. குவெஸ்ட் (கேம் தரும் தேடல் வேலை) பொருள் என்பதால்தான் பையை விட்டு இறங்க மறுக்கிறது. ரிஃப்டன் நகரத்துக்கு அடியில் ராட்வே சுரங்கம் இருக்கிறது. அதன் கடைசியில் ராக்ட் ஃப்ளாகன் என்ற மதுக்கடை. அங்கே நிற்கும் வெக்ஸ்தான் இதை மதிப்பிட்டுச் சொல்ல வேண்டியவள். தீவ்ஸ் கில்ட் என்ற திருடர் கூட்டத்தில் உறுப்பினராக இல்லாதவரிடம் அவள் இதைப் பற்றிப் பேச மாட்டாள்.

கில்டில் சேர, ரிஃப்டன் சந்தையில் பிரின்யால்ஃப் கொடுக்கும் வேலையை ஏற்க வேண்டும்: மடேசியின் மோதிரத்தைத் திருடி பிராண்ட்-ஷெய் பையில் போடுவது. சொதப்பினாலும் பயமில்லை, அடுத்த கட்டத்துக்கு விட்டுவிடுவார். பிறகு ராட்வே வழியாக ஃப்ளாகனுக்குப் போய், கீராவா, பெர்சி, ஹேல்கா மூவரிடமும் கடனை வசூலித்துக் கொடுத்தால் நீங்கள் உறுப்பினர். மிரட்டினால் போதும், யாரையும் கொன்றுவிடாதீர்கள்.

கேள்வி: என் கேரக்டர் நேர்மையானவன். திருடர் கூட்டத்தில் சேராமல் இந்த குவெஸ்ட்டை முடிக்க வழி உண்டா?

பதில்: இல்லை. ஆனால் வசூல் வேலையோடு நின்றுவிடலாம். கில்டின் மீதிக் கதையைத் தொட வேண்டியதில்லை. கல்லை எடுப்பதும் திருட்டுக் கணக்கில் வராது, அதற்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் நுழைவதுதான் குற்றம். ஆகவே வீட்டுக்காரர் கண்ணில் படாமல் போய் வந்தால் போதும்.

கேள்வி: மேப்பில் ஒரு அம்புக்குறிகூட காட்டவில்லை. கிளேர்வாயன்ஸ் மந்திரம் போட்டும் பார்த்தேன், வழி காட்டவில்லை. பக் ஏதாவதா?

பதில்: பக் இல்லை, இந்தக் கற்களுக்குக் குறியே வைக்கவில்லை. குறி இருக்கும் இலக்குக்குப் போகும் பாதையைத்தான் கிளேர்வாயன்ஸ் வரைந்து காட்டும். குறி இல்லாதபோது அது எதைக் காட்டும்? ஆரா விஸ்பர் என்ற கூவலும் (ஷவுட், டிராகன் மொழியில் கத்தும் மந்திரம்) உதவாது, அது உயிர்களைத்தான் காட்டும்.

குறி காட்டும் மாட்கள் (ரசிகர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) இருக்கின்றன. ஸ்பெஷல் எடிஷனில் மாட் போட்டு ஆடினால் அச்சீவ்மென்ட் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கண்ணைப் பழக்குவதுதான் சரியான வழி. உள்ளங்கை அளவு சிறிய பெட்டி, மூடி திறந்தபடி இருக்கும், உள்ளே இளஞ்சிவப்புக் கல். பெரும்பாலும் படுக்கைக்குப் பக்கத்து மேசையிலோ அலமாரித் தட்டிலோ புத்தகங்களுக்கும் கோப்பைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். இருட்டு அறையில் தவறவிடுவது சுலபம், கையில் தீப்பந்தமோ மெழுகொளி மந்திரமோ வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர் ஒருவரின் படுக்கை அறைக்குள் நுழைந்தால் முதலில் கட்டிலின் இரு பக்கமும் பார்த்துவிடுங்கள். நகரத்துக் கற்களில் பாதி அப்படியே சிக்கும்.

கேள்வி: 24 இடங்களையும் ஒரே இடத்தில் சொல்ல முடியுமா? எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்?

பதில்: முதலில் நகரங்கள். அங்கே மட்டும் 11 கற்கள், அதிகம் சண்டை இல்லை.

வைட்ரனில் மூன்று: டிராகன்ஸ்ரீச் அரண்மனையில் யார்லின் (ஆட்சியாளரின்) அறைகள், யோர்வாஸ்கரின் கீழ்த்தளத்தில் கோட்லாக் அறை, ஹால் ஆஃப் தி டெட் கல்லறைக்குள் உள்ள நிலவறை. சாலிட்யூட்டில் இரண்டு: புளூ பேலஸில் யார்லின் அறை, பிரவுட்ஸ்பையர் மேனர் வீட்டின் படுக்கை அறை. விண்ட்ஹெல்மில் இரண்டு: ஷாட்டர்-ஷீல்ட் குடும்ப வீட்டு மாடி, பேலஸ் ஆஃப் தி கிங்ஸில் மந்திரவாதி வுன்ஃபெர்த்தின் அறை. மார்க்கார்த்தில் இரண்டு: டிரஷரி ஹவுஸ் படுக்கை அறை, அண்டர்ஸ்டோன் கீப்புக்குள் இருக்கும் டுவெமர் (மறைந்துபோன ஓர் இனம்) மியூசியம். ரிஃப்டனில் மிஸ்ட்வேல் கீப்பின் யார்ல் அறை. விண்டர்ஹோல்ட் கல்லூரியில் ஆர்ச்-மேஜ் அறை. வாசலில் ஃபரால்டா வைக்கும் சின்னச் சோதனையைத் தாண்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

வெளியே 13. ரிஃப்டன் பக்கம் பிளாக்-பிரையர் லாட்ஜ் மாடி (கூலிக் காவலர்கள் இருப்பார்கள், ஒளிந்து போவது நல்லது), அன்சில்வுண்ட். விண்ட்ஹெல்முக்குத் தெற்கே ஸ்டோனி கிரீக் கேவ். வடக்கே பனிக்கரையோரம் ஹாப்ஸ் ஃபால் கேவ், டான்ஸ்டாருக்குக் கிழக்கே யிங்வில்ட். சாலிட்யூட் கலங்கரை விளக்கத்தின் பக்கம் நிற்கும் டெய்ன்டி ஸ்லோட் கப்பலில் கேப்டன் அறை. தால்மர் தூதரகத்துக்கு அடியில் ரீக்கிங் கேவ். வைட்ரனுக்கு வடகிழக்கே ஃபெல்குளோ கீப், மேற்கே ரான்வெய்க்ஸ் ஃபாஸ்ட். ஃபால்க்ரீத் பகுதியில் பைன்வாட்ச், சண்டர்ஸ்டோன் கோர்ஜ், டார்க் பிரதர்ஹுட் என்ற கொலைகாரர் கூட்டத்தின் சரணாலயத்தில் தலைவி ஆஸ்ட்ரிட் அறை. மார்க்கார்த்துக்குத் தென்மேற்கே டெட் கிரோன் ராக்.

அலைச்சலைக் குறைக்க, அங்கே போகவைக்கும் மற்ற குவெஸ்ட்டோடு சேர்த்துப் போங்கள். பார்ட்ஸ் காலேஜுக்காக ஃபின்னின் லூட்டைத் தேடினால் அது ஸ்டோனி கிரீக்கில், பாண்டியாவின் புல்லாங்குழல் ஹாப்ஸ் ஃபாலில். கல்லூரிக் கதையில் புத்தகம் மீட்கப் போவது ஃபெல்குளோவுக்கு. மெரூன்ஸின் கத்தித் துண்டு ஒன்று டெட் கிரோன் ராக்கில் டிராஸ்குவாவிடம் இருக்கிறது. சண்டர்ஸ்டோனிலும் ரான்வெய்க்ஸ் ஃபாஸ்டிலும் கூவல் சொற்களைக் கற்றுத்தரும் சுவர்கள் உண்டு. ரான்வெய்க்ஸ் ஃபாஸ்டில் தரையில் ஒரு பொறிக்கதவு இருக்கிறது, கவனிக்காமல் மிதித்தால் நேரே கீழே கூண்டுக்குள் விழுவீர்கள்.

கேள்வி: பைன்வாட்ச் ஒரு சாதாரண மர வீடாத்தான் இருக்கு. சுத்திச் சுத்திப் பார்த்தும் ஒண்ணும் இல்லையே?

பதில்: அடித்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே ஒரு புத்தக அலமாரி நிற்கும், பக்கத்துச் சுவரில் சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் அலமாரி நகரும். பின்னால் பெரிய கொள்ளைக்கூட்ட முகாமே இருக்கிறது. கல் அதன் புதையல் அறையில்.

கேள்வி: 23/24-ல் நிற்கிறேன். எது விட்டுப்போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஜர்னல் எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும், எந்த இடம் என்று சொல்லாது. அதனால்தான் தொடக்கத்திலிருந்தே தாளில் குறித்துக்கொண்டு வர வேண்டும். குறிக்காதவர்கள், கதவு சுலபத்தில் திறக்காத இடங்களிலிருந்து தொடங்குங்கள். மற்ற இடங்களுக்குப் பலர் தற்செயலாகவே போய்விடுவார்கள், இவற்றுக்கு மட்டும் போயிருக்க மாட்டார்கள்.

பிரவுட்ஸ்பையர் மேனர்: சாலிட்யூட் யார்ல் எலிசிஃப்பின் வேலைகளை முடித்த பிறகு ஃபால்க் ஃபயர்பியர்ட் இந்த வீட்டை விற்பார், விலை 25,000 கோல்டு. காசு இல்லை என்று தள்ளிப்போட்டு மறந்துவிடுபவர்கள் அதிகம்.

டுவெமர் மியூசியம்: கால்செல்மோவுக்காக நிம்ஹே என்ற பெரிய சிலந்தியைக் கொன்றால் உள்ளே போக அனுமதி கிடைக்கும்.

டார்க் பிரதர்ஹுட் சரணாலயம்: சேரவில்லை என்றாலும் வழி உண்டு. அந்தக் கூட்டம் உங்களைக் கடத்திப்போய் வைக்கும் கைவிடப்பட்ட குடிசையில் கண் விழித்ததும் ஆஸ்ட்ரிட்டைக் கொன்றுவிட்டு டிராகன் பிரிட்ஜில் கமாண்டர் மாரோவிடம் சொன்னால், கறுப்புக் கதவின் கடவுச்சொல்லைத் தருவார். சேர்ந்தவர்கள் முதல் தடவை உள்ளே போகும்போதே கல்லை எடுத்துவிடுவது உத்தமம். பின்னால் கதை அந்த இடத்தை விட்டுவைக்காது.

ரீக்கிங் கேவ்: தூதரக விருந்துக் குவெஸ்ட்டில் தப்பிக்கும் வழி இது. எல்லாரும் டிரோலுக்குப் பயந்து ஓடுகிற இடம், அதனால்தான் கல் கண்ணில் படுவதில்லை. விட்டிருந்தாலும் கவலை வேண்டாம், குகைக்கு வெளிப்புற வாசலும் உண்டு, திரும்பப் போகலாம்.

கேள்வி: 24-ம் சேர்த்தாச்சு. இவ்வளவு உழைப்புக்குப் பலன் இருக்கா?

பதில்: இருக்கிறது. வெக்ஸிடம் பேசினால் கிரீடத்தைத் தேடி ரிஃப்ட் மலைப்பகுதியின் டோல்வால்ட்ஸ் கேவுக்கு அனுப்புவாள். ஃபால்மர்களும் (குகைவாழ் குருட்டு எல்ஃப்கள்) சோரஸ்களும் (பெரிய பூச்சிகள்) நிறைந்த நீண்ட குகை. ஃபால்மர்களுக்குக் கண் தெரியாது, காது கூர்மை. ஆகவே ஸ்னீக் இங்கே நன்றாக வேலை செய்யும், கனமான கவசத்தில் தடதடவென்று போனால் கூட்டமாக வருவார்கள். இரண்டுமே நஞ்சு வைக்கும், நஞ்சு முறிப்பு மருந்து நாலைந்து எடுத்துப் போங்கள்.

கிரீடத்தை வெக்ஸ் வாங்கிக்கொள்வாள், தலையில் வைத்துக்கொள்ள முடியாது. பதிலுக்கு பிராலர்ஸ் ப்ராஃபிட் என்ற நிரந்தரத் திறன் கிடைக்கும்: அதன்பிறகு பெட்டிகளில் ரத்தினங்கள் வருவதற்கான வாய்ப்பு வெகுவாகக் கூடும். மணிகள் ஒவ்வொன்றும் 0.1 எடைதான். கேமை முடிக்கும் நேரத்தில் வாங்கினால் வீண், ஆரம்பத்திலேயே முடிப்பவருக்குத்தான் முழுப் பலன். ஏற்கெனவே திறந்து பார்த்த பெட்டிகள் உடனே மாறாது. அந்த இடம் ரீசெட் ஆக கேம் கணக்கில் 10 நாள், முழுவதும் துடைத்த டன்ஜன் என்றால் 30 நாள், அதுவும் நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால்.

கேள்வி: டிராகன் பிரீஸ்ட் முகமூடிகளில் 7 வைத்திருக்கிறேன். நாக்ரீனுடைய முகமூடி மட்டும் இல்லை. திரும்பப் போய் எடுக்கலாமா?

பதில்: முடியாது, இது வருத்தமான செய்திதான். ஒளிந்த பொருள்களில் உண்மையிலேயே கைவிட்டுப் போகக்கூடியது இது. நாக்ரீன் என்ற டிராகன் பிரீஸ்ட் (டிராகன்களை வழிபட்ட பழங்காலப் பூசாரி) இருக்கும் ஸ்கல்டாஃப்னுக்கு முதன்மைக் கதையில் ஒரே ஒரு முறைதான் போக முடியும். இறந்த வீரர்களின் உலகமான சொவ்ன்கார்டுக்கான வாசலுக்குள் காலை வைத்துவிட்டால் அந்த இடம் முடிந்தது. வாசலைத் திறக்கும் கோலை அவன் உடலிலிருந்து எடுக்கும்போதே முகமூடியும் அங்கேயே இருக்கும், அவசரத்தில் கோலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவதுதான் தவறு. ஸ்டார்ம் கால் கூவலின் சுவர் ஒன்றும் ஸ்கல்டாஃப்னில்தான் இருக்கிறது. வாசலுக்கு முன்னால் பழைய சேவ் இருந்தால் அதைத் திறந்து எடுத்துவிடுங்கள். இனிப் போகப்போகிறவர்கள் ஸ்கல்டாஃப்ன் போவதற்கு முன் தனி சேவ் ஒன்று வையுங்கள்.

மற்ற ஏழும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். க்ரோசிஸ் ஷியர்பாயின்டில், டிராகனும் பிரீஸ்டும் ஒரே நேரத்தில் எழுவார்கள், தயாராகப் போங்கள். மோரோகேய் லாபிரிந்தியனில், கல்லூரிக் கதையின் வழியாக. ஓடார் ராக்ன்வால்டில், இரண்டு மண்டையோட்டுச் சாவிகள் தேட வேண்டும். ராகோட் ஃபோரல்ஹோஸ்டில். வோகுன் ஹை கேட் ரூயின்ஸில், ஆன்ஸ்காவோடு சேர்ந்து போகலாம். வோல்சுங் வோல்ஸ்கிக்கே உச்சியில். ஹெவ்னோராக் வால்தூமில், வால்டாருக்காக மூன்று கலங்களைச் சேர்த்த பிறகு.

கேள்வி: எட்டும் இருக்கு. ஆனா லாபிரிந்தியன்ல முகமூடி வைக்கிற இடமே தெரியல.

பதில்: மர முகமூடி ஒன்று வேண்டும். லாபிரிந்தியன் வெளிப்புற இடிபாடுகளில் பிரோம்யுனார் சரணாலயம் என்ற சிதைந்த கட்டடத்துக்குள் ஒரு பிணத்தருகே கிடக்கும். அதே இடத்தில் நின்றபடி அணிந்தால் கட்டடம் பழைய காலத்தில் இருந்தபடி முழுமையாகத் தெரியும், நடுவே முகமூடிகளுக்கான மேடை. எட்டையும் வைத்தால் கோனாரிக் என்ற ஒன்பதாவது முகமூடி கிடைக்கும். எடுத்தபின் எட்டையும் திரும்பப் பெறலாம், யோசிக்காமல் வையுங்கள். டிராகன்பார்ன் விரிவாக்கத்தின் முகமூடிகளுக்கு இங்கே இடம் இல்லை. மர முகமூடி வேறு எங்கும் வேலை செய்யாது.

கேள்வி: கிரிம்சன் நிர்ன்ரூட் 30 வேணுமாம். பிளாக்ரீச்ல 21-க்கு மேல கிடைக்கல.

பதில்: பிளாக்ரீச் என்ற அந்த நிலத்தடிக் குகையில் இந்தச் சிவப்புச் செடி 30-க்கும் மேல் முளைத்திருக்கிறது, ஆகவே எல்லாவற்றையும் தேட வேண்டியதில்லை. கண்ணைவிடக் காதை நம்புங்கள். பக்கத்தில் போனால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். செட்டிங்ஸில் இசையை முழுவதும் குறைத்துவிட்டு ஒலியைக் கூட்டி, ஹெட்ஃபோன் போட்டு, மெதுவாக நடங்கள். ஒலி எந்தப் பக்கக் காதில் கூடுகிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள். நீரோரமும் பாறை இடுக்கும் விட்டுப்போகும் இடங்கள்.

எண்ணிக்கை குறைவதற்கு இன்னொரு காரணம், பறித்ததை மருந்து காய்ச்சப் பயன்படுத்திவிடுவது. 30 சேரும்வரை ஆல்கெமி மேசையில் அதைத் தொடாதீர்கள். வெளியே வளரும் சாதாரண நிர்ன்ரூட் இந்தக் கணக்கில் சேராது. முடிந்ததும் சரேதி பண்ணையில் அவ்ருசாவிடம் கொடுங்கள். மருந்து காய்ச்சும்போது 25% வாய்ப்பில் ஒன்றுக்கு இரண்டாக வரும் திறன் பரிசு. ஆல்கெமியில் ஊறியவர்களுக்கு இது பெரிய வரம்.

கேள்வி: ஜாடிக்குள் தேனீ, பட்டாம்பூச்சி எல்லாம் கிடைக்கிறதே, அது எந்த குவெஸ்ட்?

பதில்: எதற்கும் இல்லை. பட்டாம்பூச்சி, தேனீ, தும்பி, அந்துப்பூச்சி, டார்ச்பக் என்று ஐந்து உண்டு. மூடிகளின் அடியில் எழுத்துகள் பொறித்திருக்கும். வீட்டு அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும்.

கேள்வி: ஸ்கில் புத்தகங்களைக் கண்டதும் படிக்கலாமா, சேர்த்து வைக்கலாமா?

பதில்: 18 திறன்களுக்கு ஐந்து வீதம் 90 புத்தகங்கள். முதல் முறை திறக்கும்போது ஒரு லெவல் ஏறும், அதோடு சரி. குறைந்த லெவலில் ஒரு படி ஏறுவது சுலபம், 90-க்கு மேல் அதே ஒரு படிக்கு நிறைய உழைக்க வேண்டும். ஆகவே நீங்கள் முக்கியமாகப் பயன்படுத்தும் திறனின் புத்தகங்களைக் கடைசிவரை வைத்திருங்கள். 100 தொட்டபின் படித்தால் எதுவும் ஏறாது. ஒரு சிக்கல்: மேசையில் கிடக்கும் புத்தகத்தை அழுத்தினால் எடுப்பதற்கு முன்பே திறந்துவிடும், திறந்தாலே படித்ததாகக் கணக்கு. திறக்காமல் பையில் போட, பிடித்துத் தூக்கும் பொத்தானை அழுத்தியபடி வைத்திருந்து கீழே போட்டாலும் பலனில்லை. அலமாரிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் கிடைப்பவை நேராகப் பைக்குள் வரும். அவற்றைச் சேர்த்து வைத்து, மேசையில் கிடப்பவற்றை நேரம் வந்ததும் அங்கேயே போய்ப் படித்துவிடுங்கள்.